கதைகள் வந்துசேர்ந்த வாசல்

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் திகதி, அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்னும் இணைய விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகை, எழுத்தாளர்களிடமிருந்து கதைகளைப் பெற்றுக்கொள்வதை நிறுத்தியது. பணமின்மை அதற்குக் காரணமல்ல. கதைகள் அளவுக்கு மீறி வந்து குவிந்தமையே காரணம். அம்மாதத்தின் முதல் இருபது நாள்களில் மனிதர் எழுதி அனுப்பிய கதைகள் ஏறத்தாழ எழுநூறு. இயந்திரத்தைக் கொண்டு எழுதுவித்து அனுப்பப்பட்டவை என ஆசிரியர் நீல் கிளார்க் இனங்கண்டவை ஏறத்தாழ ஐந்நூறு.

உலகப் பத்திரிகைகள் பலவும் இதனைச் செய்தியாக வெளியிட்டன. இயந்திரம் கதை எழுதத் தொடங்கிவிட்டது என்ற வியப்பே அச்செய்திகள் பலவற்றின் தொனியாக இருந்தது. வாசகர்கள் அனுப்பும் ஆக்கங்களை நீண்ட காலம் பத்திரிகை ஆசிரியபீடத்தில் இருந்து பிரித்துப் படித்து வந்தவன் என்ற வகையில் எனக்கு எழுந்த கேள்வி வேறு. யாரென்றே தெரியாத ஒருவர், உலகின் எந்த மூலையிலிருந்தும், ஒரு சதமும் செலவின்றி ஒரு சஞ்சிகைக்குக் கதை அனுப்பலாம் என்ற நிலை எப்போது வந்தது? அது இல்லாமற் போனால் வெளியே நிற்கப் போகின்றவர்கள் யார்? இதற்கு விடை காண ஏறத்தாழ நூறாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சொல்லுக்கு ஒரு சதம்

விஞ்ஞானப் புனைகதைக்கென்றே தொடங்கப்பட்ட முதலாவது ஆங்கிலச் சஞ்சிகை 'அமேசிங் ஸ்டோரிஸ்'. லக்சம்பேர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில் இதனை நியூயோர்க்கில் ஆரம்பித்தார். இத்துறையின் முதன்மையான விருதொன்று இன்றும் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. எனினும் எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுப்பதில் அவர் நல்ல பெயர் எடுத்தவரல்லர். குறைவாகவும் காலந்தாழ்த்தியும் கொடுப்பார் என்பதே அக்கால எழுத்தாளர்கள் விட்டுச்சென்ற சாட்சியம்.

1930 களில் சொல்லுக்கு ஒரு சதம் என்பது நல்ல கூலியாகக் கருதப்பட்டது. 'அஸ்டவுண்டிங்' சஞ்சிகைக்கு ஜோன் டபிள்யூ. காம்ப்பெல் 1937 இன் இறுதியில் ஆசிரியரானார். 1938 ஜூனில், புரூக்ளினில் தந்தையின் மிட்டாய்க் கடையில் உதவிக்கொண்டிருந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தனது முதற் கதையை எடுத்துக்கொண்டு சுரங்க ரயிலில் ஏறி, காம்ப்பெல்லின் அலுவலகத்துக்கே நேரிற் சென்றான். அவன் பெயர் ஐசாக் அசிமோவ். காம்ப்பெல் அவனை உள்ளே அழைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உரையாடினார். கதையை ஏற்கவில்லை. ஆனால் ஏன் ஏற்கவில்லை என்பதை விளக்கிக் கடிதம் எழுதினார். அசிமோவின் கதையொன்று முதன்முதலில் அச்சேறியது 1939 மார்ச் மாத 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழில். 6,400 சொற்கள், 64 டொலர்.

விஞ்ஞானப் புனைகதை வரலாற்றை எழுதுவோர் எல்லோரும் இந்நிகழ்வை விரும்பிச் சொல்வர். அதில் மறைந்திருக்கும் ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். அன்று நியூயோர்க் சுரங்க ரயிலின் கட்டணம் ஐந்து சதம். அந்த ஐந்து சதத்தில் ஆசிரியரின் மேசைக்கு முன்னால் போய் அமர அசிமோவால் முடிந்தது. அவர் நியூயோர்க்வாசி என்பதே அதற்குக் காரணம்.

ஊரால் அருகில் இருந்தோருக்கும் அந்த வாசல் ஒரே மாதிரித் திறக்கவில்லை. கறுப்பின எழுத்தாளரான சாமுவேல் டெலேனியின் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட 1967 இல் காம்ப்பெல் மறுத்தார். கறுப்பின நாயகனைத் தமது வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதே அவர் கூறிய காரணம் என டெலேனி பின்னர் எழுதியிருக்கிறார். காம்ப்பெல்லின் பெயரில் புதிய எழுத்தாளருக்கு வழங்கப்பட்டு வந்த விருதின் பெயர் 2019 இல் மாற்றப்பட்டது என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

கடல் கடந்த உறைகள்

தூரத்தில் இருந்தோருக்குத் தபாலே துணை. கதையைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விட்டுத் தட்டச்சுச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் தலைப்பும் பக்க எண்ணும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனது முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறையொன்றையும் உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். அந்த உறை இல்லாத கதைக்குப் பதில் வராது. நமது பத்திரிகைகளும் 'போதிய முத்திரை ஒட்டிய உறை இணைக்கப்படாத ஆக்கங்கள் திருப்பி அனுப்பப்பட மாட்டாது' என்று ஒருகாலத்தில் அச்சிட்டு வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்கருக்கு இது சில சதங்களோடு முடிந்துவிடும் காரியம். வெளிநாட்டவருக்கு அவ்வாறல்ல. நியூயோர்க்கிலிருந்து திரும்பி வரவேண்டிய உறையில் இலங்கை முத்திரையை ஒட்டிப் பயனில்லை. இதற்காகவே அனைத்துலகத் தபால் ஒன்றியம் 1906 இல் ரோம் மாநாட்டில் 'பதில் கூப்பன்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கூப்பனை அனுப்புபவர் தமது நாட்டுத் தபாலகத்தில் வாங்கி உள்ளே வைப்பார். பெறுபவர் தமது நாட்டுத் தபாலகத்தில் அதைக் கொடுத்து முத்திரை பெற்றுக்கொள்வார். அமெரிக்கத் தபால் திணைக்களம் இக்கூப்பன்களை விற்பதை 2013 இல் நிறுத்திவிட்டது. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக, அமெரிக்காவுக்கு வெளியே வாழ்ந்து அமெரிக்கச் சஞ்சிகைக்குக் கதை அனுப்பியோருக்கு இந்தச் சிறு காகிதமே நுழைவுச்சீட்டாக இருந்தது.

இங்கிலாந்திலிருந்து ஆர்தர் சி. கிளார்க் அனுப்பிய கதைகள் 1946 ஏப்ரலிலும் மே மாதத்திலும் 'அஸ்டவுண்டிங்' இதழில் வெளியாகின. பத்தாண்டுகளின் பின், 1956 இல், அவர் இலங்கையிற் குடியேறி, 2008 இல் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தார். கொழும்பிலிருந்து உலகத்துக்கு எழுதுவது எவ்வளவு தொல்லை பிடித்த காரியம் என்பதை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. 1982 இல் வெளிவந்த தமது '2010: ஒடிசி டூ' நாவலை அவர் கணினியில் எழுதி, ஐந்து அங்குல வட்டு ஒன்றிலே பதிவுசெய்து கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையத்தின் ஊடாகச் சென்றன. அந்நாவலைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹையம்ஸுடன் கணினியையும் மோடத்தையும் தொலைபேசி இணைப்பையும் கொண்டு அவர் நடத்திய உரையாடல்கள் பின்னர் தனி நூலாகவும் வந்தன. இணையச் சஞ்சிகைகள் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே, மின்வழியாக எழுத்தைக் கடல் கடத்திய முன்னோடிகளுள் ஒருவர் கொழும்பில் இருந்தார் எனலாம்.

ஆனால் அவர் உலகப் புகழ் பெற்ற ஆர்தர் சி. கிளார்க். அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஆங்கிலத்தில் எழுத விரும்பிய ஓர் இளைஞருக்கு என்ன வழி இருந்தது? 1990 களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. காகிதத் தட்டுப்பாட்டினால் நாளேடுகள் பயிற்சிப் புத்தகத் தாள்களிலே அச்சாகின. தபால் மாதக்கணக்கிலே தாமதித்தது. அங்கே பதில் கூப்பனைப் பற்றிப் பேசுவதே வேடிக்கையாக இருந்திருக்கும். கற்பனை வளம் இல்லாமையால் நம்மவர் பலர் அந்த வாசலுக்குப் போகாமல் இருக்கவில்லை. போகும் வழி அடைபட்டுக் கிடந்தது.

2000 ஆம் ஆண்டு

இந்நிலை மாறத் தொடங்கிய ஆண்டு 2000. 'ஒம்னி' சஞ்சிகையின் அச்சிதழ் நின்ற பின் அதன் இணையப் பதிப்பில் கதைகளைத் தெரிவுசெய்த எலன் டட்லோ, 2000 ஆம் ஆண்டில் 'ஸை ஃபிக்ஷன்' என்ற இணையச் சஞ்சிகையின் ஆசிரியரானார். தொலைக்காட்சி நிறுவனமொன்றின் பணத்தில் நடந்த அது சொல்லுக்கு இருபது சதம் கொடுத்தது. அதில் வெளியான லிண்டா நகாட்டாவின் 'கொடஸஸ்' என்ற குறுநாவல் 2000 ஆம் ஆண்டுக்கான நெபியுலா விருதைப் பெற்றது. இணையத்தில் முதலில் வெளியான ஓர் ஆக்கம் அவ்விருதைப் பெற்றது அதுவே முதற்தடவை. நிறுவனம் கைவிட்டதும், 2005 இன் இறுதியில் அச்சஞ்சிகை நின்றுபோனது.

2000 செப்டெம்பரில் தொடங்கிய மற்றொரு சஞ்சிகை நிறுவனப் பணத்தை நம்பவில்லை. 'ஸ்ட்ரேஞ் ஹொரைசன்ஸ்' என்னும் அந்த வாராந்தச் சஞ்சிகை வாசகர்களின் நன்கொடையில் இயங்கியது. ஆசிரியர் குழுவினர் ஊதியமின்றிப் பணியாற்றினர். எழுத்தாளர்களுக்கு மட்டும் பணம் கொடுக்கப்பட்டது. இதனை நிறுவி முதல் மூன்று ஆண்டுகள் பிரதம ஆசிரியராக இருந்தவர் மேரி ஆன் மோகன்ராஜ். கொழும்பிலே பிறந்து, சிறு குழந்தையாகப் பெற்றோருடன் அமெரிக்கா சென்ற ஈழத்தமிழர் அவர். இன்றும் தொடர்ந்து வரும் உலகின் முக்கியமான விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையொன்றைத் தொடக்கியவர் நம்மவர் என்பது தமிழ் வாசகர் பலருக்குத் தெரியாது.

அச்சஞ்சிகை எழுத்தாளர்களின் பார்வைக்காக வெளியிட்ட பட்டியலொன்று பெயர்பெற்றது. தங்களுக்கு அடிக்கடி வந்து அலுத்துப்போன கதைக் கருக்களை அது வரிசைப்படுத்தியது. எல்லாம் கனவு அல்லது கணினி உருவாக்கிய மாயை என முடியும் கதைகள் அதில் உண்டு. வெள்ளைக்காரக் கதாநாயகனுக்குக் கள்ளங்கபடமற்ற பழங்குடியினர் ஞானோபதேசம் செய்யும் கதைகளும் உண்டு. பிந்தியது அந்தப் பட்டியலில் இடம்பெற்றதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உபதேசம் செய்யும் பழங்குடியாக மட்டுமே கதைகளில் வந்துபோனவர்கள், தாமே கதை அனுப்பக்கூடிய ஒரு காலம் வந்துவிட்டதன் அடையாளம் அது.

தமிழிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இணைய இதழ்கள் தோன்றின. 'திண்ணை' 1999 இலும், எழுத்தாளர் வ.ந. கிரிதரன் கனடாவிலிருந்து நடத்தும் 'பதிவுகள்' 2000 இலும் தொடங்கின. இங்கே பிரச்சினை முத்திரையல்ல, எழுத்துரு. இலங்கையர் பாமினியில் அனுப்புவர். தமிழகத்தார் வேறொன்றில் அனுப்புவர். பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையாயின் கதை கிறுக்கலாகத் தோன்றும். ஒருங்குறி பரவலான பின்னரே அந்தத் தொல்லை தீர்ந்தது. அதன் பின் வந்த 'அரூ' இணைய இதழ் 2019 இல் தமிழில் அறிவியற் சிறுகதைப் போட்டி நடத்துமளவுக்கு நிலைமை வளர்ந்தது.

ஒரு படிவமும் சில நாள்களும்

நீல் கிளார்க் 2006 ஒக்டோபரில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' சஞ்சிகையைத் தொடங்கினார். (கொழும்புக் கிளார்க்குக்கும் இவருக்கும் உறவேதுமில்லை, அவர் நடத்திய புத்தகக் கடையின் பெயரே சஞ்சிகைக்கும் ஆயிற்று.) கணினித்துறை அறிவுள்ள அவர், கதைகளைப் பெறுவதற்கான இணையப் படிவத்தைத் தாமே வடிவமைத்தார். பெயர், மின்னஞ்சல், தலைப்பு, சொற்களின் எண்ணிக்கை, கதைக் கோப்பு. அவ்வளவுதான். மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போய், சில நாள்களுக்குள் பதில் கிடைத்தது. வேறு சஞ்சிகைகளும் இவ்வமைப்பைப் பயன்படுத்தின. தபாலை விடாப்பிடியாகப் பற்றிநின்ற பழைய அச்சுச் சஞ்சிகைகளும் 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக இணையவழிக்கு மாறின.

இதன் பயனை நாம் கண்ணாரக் கண்டோம். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர இவ்வாறான இணையச் சஞ்சிகைகளிலே சிறுகதைகள் எழுதி வளர்ந்தவர். 'ஸ்ட்ரேஞ் ஹொரைசன்ஸ்' சஞ்சிகையில் கதைப்பகுதி ஆசிரியர்களுள் ஒருவராகவும் இருந்தவர். அவருடைய முதல் நாவலான 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' 2023 இல் வெளிவந்து, 2024 இல் சிறந்த நாவலுக்கான நெபியுலா விருதைப் பெற்றது. பதில் கூப்பன் காலத்தில் இத்தகைய வளர்ச்சியை எண்ணிப் பார்ப்பதும் கடினம். 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' 2015 முதல் சீனக் கதைகளின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து வெளியிடத் தொடங்கியது. 'ஸ்ட்ரேஞ் ஹொரைசன்ஸ்' மொழிபெயர்ப்புகளுக்கென்றே 'சமோவார்' என்ற சகோதர இதழை 2017 இல் ஆரம்பித்தது.

பணத்தைப் பொறுத்தவரை இது செல்வம் கொழிக்கும் துறையல்ல. அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் சங்கம் தொழில்முறைக் கூலியின் கீழெல்லையாகச் சொல்லுக்கு 2004 இல் 5 சதமும், 2014 இல் 6 சதமும், 2019 இல் 8 சதமும் நிர்ணயித்தது. விலைவாசி உயர்வைக் கணக்கிலெடுத்தால், 1938 இன் ஒரு சதம் 2023 இல் இருபது சதத்துக்கு மேலாகும். அதாவது, அசிமோவ் பெற்ற கூலியின் பாதியும் இன்றைய கீழெல்லையில் இல்லை. போதாததற்கு, இலங்கையிலிருப்போர் நீண்ட காலமாகப் பேபால் வழியாகப் பணம் பெற இயலாமலும் இருந்தது.

ஒரே தலைப்பில் இருபது கதைகள்

2022 நவம்பர் 30 ஆம் திகதி சட்ஜிபிடி பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. அதற்கு முன்னர், பிறர் எழுத்தைத் திருடி அனுப்பிய குற்றத்துக்காக 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' மாதமொன்றுக்குப் பத்தளவிலான ஆள்களையே தடைசெய்து வந்தது. 2023 ஜனவரியில் அத்தொகை நூறளவுக்கு உயர்ந்தது. பெப்ரவரியில் நடந்ததை மேலே கூறினேன்.

அனுப்பியோரிற் பெரும்பாலோர் விஞ்ஞானப் புனைகதையை வாசிப்பவர்களே அல்லர் என்பது நீல் கிளார்க்கின் கணிப்பு. வீட்டிலிருந்தே எளிதாகப் பணம் உழைக்கலாம் என்று இணையக் காணொளிகளிற் போதிப்போரின் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். அக்காலத்தில் அச்சஞ்சிகை சொல்லுக்கு 12 சதம் கொடுத்தது. ஐயாயிரம் சொற்கொண்ட கதைக்கு 600 டொலர், அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டு இலட்சம் ரூபாவுக்கும் மேல். ஆசை எழுந்ததில் வியப்பில்லை. 'அசிமோவ்ஸ்' சஞ்சிகைக்கு 'கடைசி நம்பிக்கை' என்று பொருள்படும் ஒரே தலைப்பில் இருபதுக்கு மேற்பட்ட கதைகள் வெவ்வேறு பெயர்களில் வந்தனவாம்.

கதை அனுப்பக் கட்டணம் விதிக்கலாமே எனச் சிலர் கேட்டனர். ஒரு டொலரையும் வெளிநாட்டுக்கு அனுப்ப வழியில்லாதவர் அதனால் வெளியே நிற்க நேரிடும். மீண்டும் தபாலுக்குத் திரும்பலாம் என்றால், பதில் கூப்பனின் காலத்துக்கே திரும்புவதாகும். அறிந்த எழுத்தாளரிடம் மட்டும் கதை கேட்கலாம் என்றால், அறியப்படாதவர் என்றும் அறியப்படார். குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வருபவற்றைத் தடுத்தால், ஒரு நாட்டிலுள்ள சில பேராசைக்காரரின் செயலுக்கு அந்நாட்டு எழுத்தாளர் அனைவரும் தண்டனை அனுபவிப்பர்.

இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பலாமா? 2023 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய மென்பொருள்களைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதோர் எழுதிய தேர்வுக் கட்டுரைகளிற் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என அம்மென்பொருள்கள் தவறாகத் தீர்ப்பளித்தன. எளிய சொற்களில், படித்த இலக்கணப்படி, கவனமாக எழுதுவது குற்றத்துக்குச் சான்றாகிவிட்டது. நம் நாட்டிற் பாடசாலையில் ஆங்கிலம் கற்று எழுதுகின்ற ஒருவரின் எழுத்து வேறெவ்வாறு இருக்கும்?

இந்த வழிகள் பலவும் புதிய எழுத்தாளருக்கும் வெளிநாட்டு எழுத்தாளருக்குமே தடையாகும் என்பதை நீல் கிளார்க் அன்றே எழுதினார். கட்டணமும் விதிக்கவில்லை. தமது அமைப்பிலே மாற்றங்கள் செய்து, மார்ச் மாதத்தில் மீண்டும் கதைகளைப் பெறத் தொடங்கினார். ஐயத்துக்கிடமானவற்றை மனிதரே பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. வேலை கூடியது. வருமானம் கூடவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் அமேசன் நிறுவனம் கிண்டில் வழியிலான சஞ்சிகைச் சந்தாக்களை நிறுத்தியது. இச்சஞ்சிகைகள் பலவற்றுக்கு அது பெரிய இழப்பு.

எஞ்சும் கேள்வி

கையெழுத்துப் பிரதிகள் வந்த காலத்தில், ஒரு கதையைப் படிக்கும் முன்னரே அதன் பின்னாலிருந்த உழைப்பு தெரிந்துவிடும். அடித்துத் திருத்திய வரி, மை தீர்ந்து நிறம் மாறிய பக்கம், தாள் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய முடிவு. கதை நன்றாக இல்லாவிட்டாலும் ஒரு மனிதர் இரவிலே விழித்திருந்து எழுதியது என்ற மரியாதை அதற்கு உண்டு. இயந்திரம் தரும் கதையில் எழுதியவரின் நேரம் இல்லை. படிப்பவரின் நேரம் மட்டும் செலவாகிறது. முன்னர் அனுப்புபவர் முத்திரைக்குக் கொடுத்த விலையை, இப்போது படிக்கும் ஆசிரியர் தமது வாழ்நாளிற் கொடுக்கிறார்.

ஆசிரியர்களும் பிழை விடுவர். ஆர்தர் சி. கிளார்க் 1948 இல் பிபிசி போட்டியொன்றுக்கு எழுதிய 'த சென்டினல்' பரிசு எதுவும் பெறவில்லை. அக்கதையே பின்னர் '2001' திரைப்படத்தின் வித்தாயிற்று. 'த ஸ்டார்' கதையும் ஒரு பத்திரிகைப் போட்டியில் தோற்று, 1955 இல் சஞ்சிகையொன்றில் வெளிவந்து, 1956 இல் ஹியூகோ விருது பெற்றது. ஒருவர் மறுத்ததை இன்னொருவர் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான் இத்துறை நூறாண்டு வாழ்ந்திருக்கிறது. எவரும் படிக்க இயலாத அளவுக்குக் குப்பை குவிந்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகும்.

யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட நமது இளைஞர்களிடம், வேறெவரும் எழுதவியலாத எதிர்காலக் கதைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதக்கூடியோர் எழுதி அனுப்ப வேண்டும். தமிழில் எழுதுவோரை மொழிபெயர்க்கக்கூடியோர் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் அச்சஞ்சிகையின் இதழ்கள் சிலவற்றையும் விதிகளையும் படிப்பது அவசியம். வசதியுள்ள புலம்பெயர் வாசகர்கள் ஏதாவதொரு சஞ்சிகைக்கு ஆண்டுச் சந்தா செலுத்தலாம். கொழும்பிற் பிறந்த ஒரு தமிழ்ப்பெண் தொடக்கிய சஞ்சிகை கால் நூற்றாண்டைக் கடந்தும் நடப்பது, வாசகர்கள் கொடுத்த சிறுதொகைகளால்தான்.